அப்டேட்டுக்குப் பிறகு குண்டு ஏன் தவறுகிறது? துப்பாக்கி கேம்கள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

புதுச்சேரியில் முத்தியால்பேட்டை முதல் முதலியார்பேட்டை வரை, மாலையில் நான்கு பையன்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், கையில் இருக்கும் போனில் பெரும்பாலும் பிஜிஎம்ஐ அல்லது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 பக்கம் போய்விடுகிறார்கள். எந்த கேமாக இருந்தாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை அப்டேட் வருகிறது. வந்த மறுநாளே ஒரே புகார்: “என் கன்னைக் காலி பண்ணிட்டாங்க.”

இந்தப் புகாரில் நியாயமும் உண்டு, தவறான புரிதலும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டு, கேட்கத் தேவையில்லாததற்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். ஆடும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அடிக்கடி எழுப்பும் சந்தேகங்களை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நேற்றுவரை பட்ட குண்டு இன்று படவில்லை. துப்பாக்கியின் துல்லியத்தைக் குறைத்துவிட்டார்களா?

குறைத்திருக்கலாம். ஆனால் எதைக் குறைத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். குறி தவறுவதற்கு கேமுக்குள் இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று ரீகாயில். சுடச்சுட துப்பாக்கியின் வாய் மேலே எழும்பும், கொஞ்சம் பக்கவாட்டிலும் இழுக்கும். பிஜிஎம்ஐயில் ஏகேஎம்மை எடுத்து, ஆட்டோவில் வைத்து, விரலை எடுக்காமல் அழுத்திப் பாருங்கள். எதிராளியின் மார்பில் இருந்த ரெட் டாட் குறி சில குண்டுகளுக்குள் அவர் தலைக்கு மேலே போய்விடும். கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்தோ, ஜைரோ வைத்திருந்தால் போனையே லேசாகச் சாய்த்தோ இதை அடக்கலாம். காம்பன்சேட்டர் மாட்டினால் வேலை குறையும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஏகே-47 எழும்பும் பாதை ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அந்தப் பாதையை மனப்பாடம் செய்து, மவுஸை அதற்கு எதிர்த்திசையில் நகர்த்தப் பழகுவதுதான் அங்கே பாலபாடம்.

இன்னொன்று சிதறல். ஆடுபவர்கள் ஸ்ப்ரெட் என்பார்கள். குறி சரியாகவே இருக்கும். ஆனாலும் குண்டு குறியைச் சுற்றிய ஒரு சிறு வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போகும். எங்கே என்பதை கேமே குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது. வேலரண்டில் வேண்டல் துப்பாக்கியை அசையாமல் நின்று சுட்டாலும் முதல் குண்டுக்கே 0.25 டிகிரி விலகல் வைத்திருக்கிறார்கள். கேட்கச் சின்ன எண். ஆனால் 0.25 டிகிரி விலகிய குண்டு 50 மீட்டர் தூரத்தில் சுமார் 22 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். மனிதத் தலையின் அகலமே அவ்வளவு கிடையாது. ஓடிக்கொண்டோ குதித்துக்கொண்டோ சுட்டால் இந்த வட்டம் பல மடங்கு பெரிதாகும்.

இரும்புக் குண்டு எறிந்து ஆடும் நம் ஊர் பெத்தாங்க் ஆட்டக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கை பிசகி குண்டு விலகுவது ஒன்று. கை சரியாகப் போட்டும் தரையில் கிடக்கும் சரளைக்கல் தட்டி விலகுவது வேறு. முதலாவதைப் பழக்கத்தால் சரிசெய்யலாம். இரண்டாவதை எந்தப் பழக்கமும் சரிசெய்யாது. நெருங்கிப் போவது, நின்று சுடுவது, ஒவ்வொரு குண்டாகச் சுடுவது என்று ஆட்டத்தின் போக்கைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு அப்டேட் ரீகாயிலைக் கூட்டினால் நன்றாக ஆடுபவர் சில நாட்களில் மீண்டுவிடுவார். அவருக்கும் புதிதாக வந்தவருக்கும் உள்ள இடைவெளி அதிகமாகும். சிதறலைக் கூட்டினால் நன்றாக ஆடுபவருக்கும் அதே நஷ்டம், இடைவெளி குறையும். “துல்லியம் குறைக்கப்பட்டது” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் அறிவிப்பு இந்த இரண்டில் எது என்று சொல்வதில்லை. அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

சேதத்தில் ஒரே ஒரு புள்ளிதானே குறைத்தார்கள்? அதற்கா இத்தனை கூச்சல்?

கூச்சலில் அர்த்தம் இருக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஜிஎம்ஐயில் ஒருவரின் முழு உயிர் 100. லெவல் 2 வெஸ்ட் என்ற கவச உடை போட்டிருந்தால் மார்பில் படும் சேதத்தில் 40 சதவீதத்தை வெஸ்ட் தாங்கிக்கொள்ளும். ஒரு துப்பாக்கியின் ஒரு குண்டுக்குச் சேதம் 42 என்று வைத்துக்கொள்வோம். வெஸ்ட்டைத் தாண்டி உள்ளே போவது 25.2. நான்கு குண்டு பட்டால் 100.8. ஆள் சாய்ந்துவிடுவார்.

இப்போது சேதத்தை 41 ஆக்குங்கள். உள்ளே போவது 24.6. நான்கு குண்டுக்கு 98.4. எதிராளிக்கு இன்னும் 1.6 உயிர் மிச்சம் இருக்கிறது. ஐந்தாவது குண்டு தேவை. இரண்டு குண்டுகளுக்கு நடுவே 0.09 நொடி என்றால், முதல் குண்டிலிருந்து 0.27 நொடியில் முடிந்த வேலைக்கு இனி 0.36 நொடி ஆகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் சுடும்போது இந்த 0.09 நொடிதான் யார் தோற்று லாபிக்குத் திரும்புவது என்று தீர்மானிக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அதே துப்பாக்கியின் சேதத்தை 41-லிருந்து 35-க்குக் குறைத்தாலும் லெவல் 2 வெஸ்ட்டுக்கு எதிராக ஐந்து குண்டேதான். பெரிய வெட்டுபோலத் தெரிந்தும் அந்தச் சண்டையில் எந்த மாற்றமும் இல்லை. அதனால் எத்தனை புள்ளி குறைந்தது என்று பார்த்துக் கோபப்படாதீர்கள். எத்தனை குண்டு கூடியது என்று எண்ணிப் பாருங்கள். வெஸ்ட் லெவல் 1 என்றால் 30 சதவீதம், லெவல் 3 என்றால் 55 சதவீதம் கழியும். ஒரு தாளும் பேனாவும் போதும்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் துப்பாக்கியை ஏன் தொட வேண்டும்?

ஒரே துப்பாக்கி எல்லாரையும் அடித்துவிட்டால் மற்ற துப்பாக்கிகள் தரையில் கிடந்தும் பயனில்லை. 2020 டிசம்பரில் ‘கால் ஆஃப் டூட்டி: வார்சோன்’ கேமில் டிஎம்ஆர் 14 என்ற துப்பாக்கி சேர்ந்தபோது அதுதான் நடந்தது. குண்டும் கடுமை, ரீகாயிலும் இல்லை என்றே சொல்லலாம், தூரத்திலும் படும். சில நாட்களில் எல்லார் கையிலும் அதுவே இருந்தது. 2021 ஜனவரி முதல் வாரத்திலேயே வலுவைக் குறைத்தார்கள். அதுவும் போதவில்லை என்று மறுபடியும் குறைக்க வேண்டி வந்தது.

மைதானத்து விளையாட்டுகளிலும் இது உண்டு. 1984-ல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் தூரம் எறிந்தார். இப்படியே போனால் ஈட்டி மைதானத்தைத் தாண்டிப் போய்விடும் என்ற நிலை. ஈட்டிகள் படுக்கையாக விழுந்து, செல்லுமா செல்லாதா என்ற தகராறும் இருந்தது. 1986-ல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளினார்கள். முனை சீக்கிரம் கீழே சாய்ந்தது, தூரம் குறைந்தது. புதிய ஈட்டியின் முதல் உலக சாதனை 85.74 மீட்டர்தான். பின்னாளில் நம் நீரஜ் சோப்ராவுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் அதே உவே ஹோன். எல்லாரும் ஒரே ஈட்டியைத்தான் எறிந்தார்கள், எவ்வளவு நகர்த்தினார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே மாற்றத்தை யாரும் சதி என்று சொல்லவில்லை.

துப்பாக்கி கேம்களில் அந்தத் தெளிவுக்கு ஓரளவு பக்கத்தில் வந்தது பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட். ‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’ கேமில் எந்தக் கதாபாத்திரத்தை எத்தனை பேர் எடுக்கிறார்கள், எடுத்தால் வெற்றி எவ்வளவு கூடுகிறது என்று வரைபடமே போட்டு வெளியிட்டார்கள். யாரை ஏன் குறைக்கிறோம் என்று அந்தப் படத்தைக் காட்டியே விளக்கினார்கள். எலா என்ற கதாபாத்திரத்தின் ஸ்கார்ப்பியன் துப்பாக்கிக்கு 50 குண்டு இருந்தது 40 ஆனது, ரீகாயிலும் கூடியது. அவரை எடுத்து ஆடியவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் காரணம் தெரியாத வருத்தம் இல்லை.

அப்படியானால் கம்பெனி செய்வதெல்லாம் சரியா?

இல்லை. 2015 டிசம்பர் 8 அன்று கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஆர்8 ரிவால்வர் என்ற புதிய கைத்துப்பாக்கி வந்தது. வெறும் 850 டாலர் கேம் பணத்துக்கு, 4,750 டாலர் கொடுத்து வாங்கும் ஏடபிள்யூபி ஸ்னைப்பர்போல ஒரே குண்டில் ஆளைச் சாய்த்தது. அதே அப்டேட்டில் ஏகே-47, எம்4 துப்பாக்கிகள் தொடர்ந்து சுட்ட பிறகு குறி பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தையும் மாற்றியிருந்தார்கள். வருடக்கணக்கில் கையில் ஏறியிருந்த பழக்கம் ஒரே இரவில் செல்லாமல் போனது. ஆட்டக்காரர்கள் எதிர்ப்பைக் கொட்டினார்கள். ரிவால்வரின் வலு சில நாட்களில் வெட்டப்பட்டது. துப்பாக்கி மாற்றமும் அடுத்த வாரமே திரும்பப் பெறப்பட்டது.

2018 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டில் நடந்தது இன்னும் மோசம். பெரிய பரிசுப் போட்டி நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே ‘இன்ஃபினிட்டி பிளேடு’ என்ற வாளை இறக்கினார்கள். வாளை எடுத்தவர் கிட்டத்தட்ட ஜெயித்தவர். மூன்று நாளில் அதைத் தூக்கிவிட்டு, தவறு செய்துவிட்டோம் என்று எபிக் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இந்த இரண்டிலும் எதிர்ப்பு பலித்தது. என்ன மாறியது என்பதை ஆட்டக்காரர்களால் கையோடு காட்ட முடிந்தது. வெறும் ஆத்திரமாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் பலித்திருக்காது.

காசு கொடுத்து ஸ்கின் வாங்கினால் குண்டு நேராகப் போகுமா?

கேமைப் பொறுத்தது. துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின், வேலரண்டிலும் கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் வெறும் அலங்காரம். பிஜிஎம்ஐயிலும் துப்பாக்கியின் சேதத்தையோ ரீகாயிலையோ ஸ்கின் மாற்றாது. ஃப்ரீ ஃபயரில் அப்படி இல்லை. அங்கே துப்பாக்கி ஸ்கின்களின் கீழேயே சேதம், தூரம், ரீலோட் வேகம் என்று கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டிருக்கும். டைமண்ட் என்ற கேம் பணத்தை வாங்கிச் செலவழித்தவருக்கு உண்மையிலேயே ஒரு படி சாதகம். இது நியாயமில்லை என்பதே என் கருத்து; போட்டி என்ற பேச்சு வந்தால் காசு வெளியே நிற்க வேண்டும். நண்பர்களோடு கஸ்டம் ரூம் போடும்போது அந்தச் சாதகத்தை அணைத்துவைக்கும் வசதி இருக்கிறது. பையன் ஸ்கின் கேட்டு நச்சரித்தால், பெற்றோர் முதலில் எந்த கேம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு பட்டுச் சாகிறேன். இதுவும் அப்டேட்டின் வேலையா?

பெரும்பாலும் இல்லை. எதிராளியின் திரையில் நீங்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறீர்கள். நீங்கள் நகர்ந்த செய்தி உங்கள் போனிலிருந்து சர்வருக்குப் போய், அங்கிருந்து அவர் திரைக்குப் போய்ச்சேர நேரம் பிடிக்கிறது. இதில் உங்கள் போனிலிருந்து சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரத்தைத்தான் பிங் என்று மில்லி நொடியில் காட்டுகிறார்கள்.

புதுச்சேரியிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர எவ்வளவு குறைத்தாலும் 11 மில்லி நொடி ஆகும். வேலரண்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு என்பதால் நல்ல இணைப்பில் பெரிய குறை தெரியாது. நம் ஊரில் பல வீடுகளுக்குப் பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பாரிசில் இருக்கும் சித்தப்பா மகனோடு அவன் பக்கத்து சர்வரில் சேர்ந்து ஆடினால் தூரம் சுமார் 8,000 கிலோமீட்டர். போய்வர ஒளிக்கே 80 மில்லி நொடி வேண்டும், நடைமுறையில் அதைவிட நிறையவே ஆகும். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட ஒரு குண்டின் இடைவெளி தூரத்திலேயே போய்விடுகிறது. அதற்கு எந்தத் துப்பாக்கியும் பொறுப்பில்லை.

போனின் சூட்டையும் கவனியுங்கள். கத்திரி வெயிலில், சார்ஜரைச் செருகிக்கொண்டே ஒரு மணி நேரம் ஆடினால், போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 60 படம் காட்டிய திரை 40, 30 என்று இறங்கும். விரல் இழுப்பதும் திரை காட்டுவதும் ஒத்துப்போகாது, விடாமல் சுடும் ஸ்ப்ரே கலைந்துபோகும். அப்டேட் மே மாதத்தில் வந்தால் பழி அப்டேட்டின் மேல் விழுகிறது.

‘நோ ரீகாயில் ஃபைல்’ விற்கிறார்களே, போடலாமா?

கூடாது. கேமின் உள்ளடக்கத்தைத் திருத்தும் எதுவும் ஏமாற்றுதான், கணக்கு முடக்கப்படும். அதைவிடப் பெரிய ஆபத்து, முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஃபைலை, வங்கிச் செயலிகள் இருக்கும் அதே போனில், பல வீடுகளில் அப்பாவின் போனில், பிள்ளை ஏற்றுவது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

அப்டேட் என் துப்பாக்கியை மாற்றிவிட்டதா என்று நானே எப்படிச் சோதிப்பது?

அப்டேட் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். வந்த பிறகு பழையதற்குத் திரும்ப வழியில்லை. பிஜிஎம்ஐயில் டிரெய்னிங் கிரவுண்டுக்குப் போங்கள். எம்416-ஐ ஸ்கோப் தவிர வேறு இணைப்பு இல்லாமல் எடுத்து, ஒரே ஸ்கோப், ஒரே சென்சிட்டிவிட்டி வைத்து, ஒரே தூரத்தில் உள்ள இலக்கைச் சுடுங்கள். திரையை ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். முதலில் விரலால் இழுக்காமல் ஒரு மேகசினை அப்படியே காலி செய்தால், சுவரில் குண்டுகள் ஏறிப்போகும் கோடு தெரியும், அது ரீகாயில். அடுத்து, ஒரு குண்டு சுட்டு, குறி அமைதியாகும் வரை பொறுத்து, அடுத்த குண்டு. குறி அசையாதபோதும் குண்டுத் துளைகள் எவ்வளவு பரவுகின்றன என்று பாருங்கள், அது சிதறல்.

ஒரு மேகசினோடு தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். 30 குண்டில் முன்பு 15 பட்டு இப்போது 12 படுகிறது என்றால் அது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். 300 குண்டில் 150 பட்டது 120 ஆனால், அப்போது சந்தேகப்பட நியாயம் உண்டு. பத்து மேகசின் சுடக் கால் மணி நேரம்கூட ஆகாது. தொடர்ந்து ஐந்து சண்டையில் தோற்பதும் அப்படித்தான். சமபலம் உள்ள இருவர் மோதினாலும் 32-ல் ஒரு தடவை அது தானாகவே நடக்கும். ஊரில் ஆயிரம் பேர் ஆடினால், அப்டேட் வந்த அன்று முதல் ஐந்து சண்டையிலும் தோற்றவர்கள் சுமார் முப்பது பேர் இருப்பார்கள். அவர்கள் குரல்தான் சத்தமாகக் கேட்கும்.

இந்த கேம்களையே தடை செய்யப்போகிறார்களாமே?

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. அதன் இடத்தில் 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் கொண்டுவந்த பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 மே மாதம் நிபந்தனைகளோடு திரும்பியது. அப்போது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் கேம்களைத்தான் தடுக்கிறது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கோட்டக்குப்பத்தில் பொருந்தும், பக்கத்திலேயே இருக்கும் முத்தியால்பேட்டையில் பொருந்தாது. மத்தியச் சட்டம் இரண்டு ஊருக்கும் ஒன்று.

உள்ளூரில் போட்டி நடத்துகிறோம். இந்த மாற்றங்களை எப்படிச் சமாளிப்பது?

மொபைல் கேமில் பழைய பதிப்பைப் பிடித்துவைத்துக்கொள்ள உங்களால் முடியாது; அப்டேட் போடாவிட்டால் உள்ளேயே விடாது. ஆகவே தேதியைப் பார்த்து நடத்துங்கள். அப்டேட் வந்த முதல் வாரத்தில் இறுதிப்போட்டி வைக்காதீர்கள். லீக் ஆட்டங்கள் பழைய பதிப்பிலும் ஃபைனல் புதிய பதிப்பிலும் நடந்தால், முதலில் கஷ்டப்பட்டு மேலே வந்த அணிக்கு அது அநியாயம். எல்லாப் போன்களையும் ஒரே வைஃபையில் போட்டுப் பிங்கைப் பாருங்கள், ஏசி அறையோ நல்ல காற்றோட்டமோ ஏற்பாடு செய்யுங்கள். எந்தப் பதிப்பில் ஆடுகிறோம் என்பதை விதிமுறைத் தாளில் முதல் வரியாகவே எழுதுங்கள்.

கம்பெனிகளுக்கு ஒன்று. முதல் பிஜிஎம்ஐ தேசியப் போட்டிக்கே பரிசு 1 கோடி ரூபாய். அவ்வளவு பணமும் இத்தனை பிள்ளைகளின் உழைப்பும் இதில் இருக்கும்போது, “ரீகாயில் சற்றுக் கூட்டப்பட்டது” என்ற வரி விதிமுறை ஆகாது. பழைய எண், புதிய எண், மாற்றியதற்குக் காரணம் மூன்றையும், அப்டேட்டுக்கு முன்பே, தமிழிலும் வெளியிட வேண்டும்.

ஆடுபவர்களே, அடுத்த அறிவிப்பில் எண் இல்லாமல் மாற்றம் சொல்லியிருந்தால் கேமுக்குள்ளேயே இருக்கும் வாடிக்கையாளர் சேவைப் பகுதியில் எழுதுங்கள். நீங்கள் சுட்ட 300 குண்டின் கணக்கையும் கூடவே இணையுங்கள்.